இரண்டாம் பக்கத்து இரைச்சல்

பெப்ரவரி 12, 1994

சாமான் வாங்கப் போன இராசமணி மாமி கொழும்பிலிருந்து திரும்பிவிட்டார். கொண்டுவந்த சாமான்களில் எனக்கென்று ஒரு மாப்பிள்ளையும் இருந்தார். படமாக அல்ல, கசெட்டாக. பெயர் கேதீஸ்வரன், மாமிக்கு ஒன்றுவிட்ட தம்பியின் மகன். ஜேர்மனியில் எசன் என்ற நகரத்தில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறாராம். படம் அனுப்பினால் முகம்தான் தெரியும், பேசி அனுப்பினால் ஆளே தெரியும் என்று சொன்னாராம். முகத்தில் ஏதோ கோளாறு என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

முப்பது வயதுக்காரிக்கு இதாவது வந்ததே என்று அம்மா கசெட்டைச் சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டார். எடுத்துப் பார்க்கப் போனேன். "கை கழுவிப்போட்டுத் தொடு" என்றார்.

பெப்ரவரி 13

சண்டையால் எங்கள் கொக்குவிலில் மின்சாரம் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. பற்றரிக்கும் அரசாங்கத் தடை. ஆகவே கசெட் கேட்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்டாண்டில் ஏற்றிய சைக்கிளில் இருந்து மிதிக்க வேண்டும். பின்சில்லில் உரசும் டைனமோவிலிருந்து வயர் போய், கசெட் போடும் றேடியோவுக்கு உயிர் வரும். மற்றவர் கேட்கலாம்.

இன்று குணம் மாமாதான் மிதித்தார். அம்மாவின் தம்பி. எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாத மனிதர். அவர் மிதித்த மிதியில் மாப்பிள்ளை ஒரு சின்னப் பெடியன் குரலில் "வணக்கம், நான் கேதீஸ்வரன்" என்றார்.

அம்மா திகைத்துப்போனார். "என்ன மாமி, பெடியனுக்கு இன்னும் குரல் உடையேல்லயோ?"

"முப்பத்திநாலு வயசு," என்றார் மாமி. "குளிர் நாடு. தொண்டை அடைச்சிருக்கும்."

மாமாவுக்கு மூச்சு வாங்கியதும் அப்பா ஏறினார். அப்பா ஓய்வுபெற்ற ரயில் கார்ட். ரயிலே இல்லாத ஊரில் இப்போது எல்லோருமே ஓய்வுபெற்ற கார்ட்தான் என்று தன்னைத்தானே கேலி செய்வார். நிதானமாக மிதித்தார். மாப்பிள்ளையின் குரல் இறங்கி இறங்கி ஒரு கிழவரின் குரலாயிற்று.

"இது அறுபது வயசு ஆள்!" என்று அம்மா எழுந்தேவிட்டார். கதவுவரை போய்விட்ட சம்பந்தம் அது. வேகம் கூடினால் குரல் கூடும், குறைந்தால் குறையும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். ரியூட்டரியில் பிள்ளைகளுக்குக் கணக்குப் புரியவைப்பதைவிட இது பெரும்பாடு. "வேகம் சரியோ, பிள்ளை?" என்று அப்பா சைக்கிள் சீற்றிலிருந்து கேட்டார். "இன்னும் கொஞ்சம்… ம், இப்ப சரி அப்பா" என்றேன். சரியான வேகம் எது என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? மனிதக் குரலாகத் தோன்றிய இடத்தில் நிறுத்தினேன், அவ்வளவுதான்.

அவர் பேசியது கொஞ்சம். கோப்பை கழுவுவது, பனி, தமக்குச் சமைக்கத் தெரிந்த இரண்டு கறி. கடைசியில் இப்படிச் சொன்னார்: "மற்றப் பக்கத்தில நான் செய்யிற ஒரு வேலை கிடக்கு. அதைக் கேக்காமல் ஓம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. பிறகு தெரிஞ்சு கவலைப்படுறதைவிட இப்பவே தெரிஞ்சால் நல்லம்."

மற்றப் பக்கத்தைப் போட்டோம். தகரத்தை யாரோ சீமெந்துத் தரையில் இழுத்தார்கள். அதன்மேல் நிலையம் பிடிபடாத ஒரு றேடியோ. பிறகு உறுமல். மாமா "டைனமோ போச்சு" என்றார். மாமி "கிளாலிக் கடலேரியில படகுக்குள்ள தண்ணி வந்தது, நனைஞ்சுபோச்சு போல" என்றார். அம்மா சாமித்தட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா மட்டும் மிதித்துக்கொண்டேயிருந்தார். நாங்கள் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை.

பெப்ரவரி 14

வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். மாமி சித்திரை வருடப்பிறப்புக்குள் பதில் கேட்கிறார். அவ்வளவு காலம் எதற்கு?

பெப்ரவரி 20

ரியூட்டரி இல்லை. உடுப்புத் தோய்த்தேன், மா இடித்தேன். பின்னேரம் டைனமோ உண்மையிலேயே பழுதா என்று பார்க்கலாமே என்று அப்பாவைக் கேட்டேன். பார்ப்பதற்கு ஒரு கசெட் வேண்டும். கையில் அகப்பட்டது இதுதான்.

அப்பா முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஏறினார். அம்மா குசினியிலிருந்து சத்தம்போட்டார்: "முழங்காலுக்கு மருந்து தந்த பரியாரியார் மிதிக்க வேண்டாம் எண்டு சொன்னவரெல்லே? பிறகு காலை நீட்டிக்கொண்டு முனகுவியள்." அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. வேண்டிய நேரத்தில் அவருக்குக் கேட்காது.

தரையில் படுத்து, றேடியோவின் பக்கத்தில் காதை வைத்தேன். சீமெந்து குளிர்ச்சியாக இருந்தது. யன்னலால் விழுந்த வெயிலில் தூசி மிதந்தது. தகரம் இழுபட்டது. ஆனால் இந்தத் தடவை அது தகரமாக இல்லை. பெரிய கதவொன்றை அவசரமே இல்லாத யாரோ திறந்துகொண்டிருந்தார்கள். பிறகு கோப்பைகள் வந்தன. எண்ண முடியாத கோப்பைகள், தண்ணீருக்கடியில் ஒன்றோடொன்று முட்டி, ஒன்றுமே உடையாமல். கோப்பை கழுவுகிற மனிதன் கோப்பைகளையே பாடவைத்திருக்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன்.

பிறகு எல்லாம் ஒரேயடியாக நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. நின்ற இடத்துக்கு அடியில் ஒரு முனகல் இருந்தது. ம்ம்ம் என்று எழும்பி, ஓரிடத்தில் கொஞ்சம் தயங்கி, விட்டதைத் திரும்பப் பிடித்துக்கொண்டு மேலே போயிற்று. மறுபடி தயக்கம். மறுபடி எழும்பல். எவ்வளவு நேரம் கேட்டேன் என்று தெரியாது. வெயில் சுவரில் ஏறிவிட்டது.

"வேகம் சரியோ, பிள்ளை?"

"சரி அப்பா."

டைனமோவில் பழுது இல்லை.

பெப்ரவரி 27

மண்ணெண்ணெய் வரிசையில் அரை நாள். எனக்கு முன்னால் நின்றவருக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து அழவேண்டும் போலிருந்தது. அழாமல் கசெட் கேட்டேன். அது ஏறக்குறைய அதேதான்.

மார்ச் 6

முதல் பக்கத்தை இன்று முழுக்கக் கேட்டேன். அன்று இவர்களின் கூச்சலில் பாதி விளங்கவில்லை. ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் நாலைந்து பேர் கூடுவார்களாம். மற்றவர்கள் ஜேர்மன்காரர்கள். தகரம், உடைந்த றேடியோ, ஹோட்டலில் கழித்துவிட்ட கோப்பை கழுவும் இயந்திரம். கசெட்டில் பதிந்து, அட்டையைப் போட்டோக்கொப்பி எடுத்து, இதே பைத்தியம் உள்ள மற்ற ஊர்க்காரருக்குத் தபாலில் அனுப்புவார்களாம். அவர்களும் தங்களுடையதை அனுப்புவார்களாம். எந்தக் கடையிலும் கிடைக்காது.

"இதைப் பாட்டெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்," என்கிறார். "ஊரில இருக்கேக்க எனக்குச் சத்தமெண்டாலே பயம். எந்தச் சத்தம் எப்ப வருமெண்டு தெரியாது. இங்க வந்தும் கன நாள் கதவு அடிச்சாலே நடுங்கினன். இந்த நிலவறையில சத்தத்தை நான் தொடக்கலாம், நான் நிப்பாட்டலாம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்ன விதம் நன்றாக இருந்தது. அவர் குரலுக்கு அடியிலும் அந்த முனகல் கேட்கிறது. அந்த மனிதரோடேயே ஒட்டியிருக்கும் போல.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மேலே பொம்பர் விமானம் ஒன்று சுற்றியது. பங்கருக்குள் ஓடினோம். இருட்டில் அப்பாவின் கை என் தலையில் இருந்தது. சுற்றிவிட்டுப் போய்விட்டது. வெளியே வந்ததும் அப்பா திரும்பவும் சைக்கிளில் ஏறினார். நான் கேட்கவில்லை. தானாகவே ஏறினார்.

மார்ச் 15

அப்பாவுக்குக் காய்ச்சல், முழங்காலும் வீங்கிவிட்டது. குணம் மாமா மிதித்தார். ஆளை மாற்றிவிட்டதால் வேகம் தப்பு, கோப்பைகள் கீச்சிட்டன. அதைப் பொறுக்கலாம். நடுவிலுள்ள அந்த இடம் பொருந்தவேயில்லை. முனகல் இருந்தது, தயக்கத்தைக் காணவில்லை. ஒரே சீராக, ரைஸ் மில் மாதிரி. கேட்டுக் கேட்டு கசெட்டைத் தேய்த்துவிட்டேன் என்று நினைத்தேன். மாமாவிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் வேர்த்து வழிந்துகொண்டு நின்றார்.

மார்ச் 22

கசெட் தேயவில்லை! அப்பா எழும்பிவிட்டார். இன்று ஏறி மிதித்தார், எல்லாம் இருந்தபடி இருந்தது. தயக்கம் முன்னையைவிடக் கூடக் கேட்டது. கண்ணை மூடினால் கடலில் படுத்திருக்கிறேன். தண்ணீர் என்னைத் தூக்குகிறது, ஒரு கணம் யோசிக்கிறது, பிறகு இன்னும் கொஞ்சம் தூக்குகிறது.

அப்பாவிடம் சொன்னேன், இந்த இடத்தில்தான் அந்த மனிதர் ஏதோ சொல்கிறார் என்று. அப்பா காலை நிறுத்தாமல் யோசித்தார்.

"முன்னுக்கு வாற சத்தம் எனக்கு விளங்குது, பிள்ளை. ஸ்ரேசனில பெட்டி கொழுவுற சத்தம். நல்லாத்தான் செய்திருக்கிறான். ஆனா நீ சொல்லுற இடத்தில எனக்கொண்டும் கேக்கேல்ல. நான் மிதிக்கிறதுதான் கேக்குது."

வாழ்நாளெல்லாம் ரயிலில் நின்ற காது. பாவம், மெல்லிய சத்தம் பிடிக்காது.

ஏப்ரல் 2

வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். "மிஸ், பாடுறியளோ?" என்று ஒருத்தி கேட்டாள். பாடவில்லை. கணக்கை யோசித்தேன் என்றேன்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. மருத்துநீர், பொங்கல், கைவிசேஷம். மாமி பதிலுக்கு வந்து குந்தினார். ஓம் என்றேன்.

காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ஆள் நேர்மையானவர். ஒளிக்கவில்லை. அம்மாவின் கவலை தீரும். இங்கே இருந்தும் என்ன செய்யப்போகிறேன்? இதில் ஒரு காரணத்திலும் இரண்டாம் பக்கத்தின் நடு இடம் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

அம்மா மாமியைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்பா முற்றத்துக்குப் போய் சைக்கிளுக்குக் காற்றடித்தார். கல்லு மாதிரி இருந்த சில்லுக்குத் திரும்பவும் அடித்தார். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. இதை இன்றுதான் புதிதாகக் கண்டுபிடித்தவள் போல அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 8

ஊரைவிட்டுப் போவதற்கு அனுமதிப் பாஸ் கிடைத்துவிட்டது. அம்மா மிளகாய்த்தூள் இடிக்கிறார், ஜேர்மனி முழுவதற்கும்.

பின்னேரம் அப்பாவும் நானும் இருந்தோம். கசெட் முடிந்த பிறகும் அவர் இறங்கவில்லை. "அங்கை கறண்ட் இருக்கும். நினைச்ச நேரம் கேக்கலாம்," என்றார். "ஒருத்தரும் மிதிக்கத் தேவையில்லை."

"ஓம் அப்பா. உங்கட காலுக்கும் ஓய்வு."

"ஓம்," என்றார். பிறகு கேட்டார்: "வேகம் சரியாத்தானே இருந்தது, எல்லா நாளும்?"

"சரியாத்தான் இருந்தது."

இறங்கும்போது சீற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முழங்கால் நிமிர நேரம் எடுத்தது. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மே 29, கொழும்பு

கிளாலி கடந்தோம். அதை எழுத விருப்பமில்லை. கரைவரை அப்பா வந்தார். படகில் ஏறும்போது அவர் சொன்னது "செருப்பைக் கழட்டு, வழுக்கும்" என்பது மட்டும். அதற்கே அழுதேன்.

சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் கசெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாட்டா என்று கேட்டான். ஓம் என்றேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். விசாவுக்குக் காத்திருக்கிறவர்களால் நிறைந்திருக்கிறது. எல்லோரிடமும் மிளகாய்த்தூள் மணக்கிறது.

ஜூன் 4

லொட்ஜ்காரம்மா தன் றேடியோவைத் தந்தார். பிளக்கைக் குத்தினால் பாடுகிறது. எவரும் வேர்க்கத் தேவையில்லை. எல்லோரும் கடற்கரைக்குப் போகட்டும் என்று காத்திருந்து, கதவைச் சாத்தி, தரையில் படுத்துக் காதை வைத்தேன்.

அது வேறு யாரோ. தகரம் கூரையிலிருந்து விழுந்தது. கோப்பைகள் கண்ணாடித் தூளாகக் காதில் கொட்டின. தண்ணீர் எங்கும் இல்லை. என் கசெட் வேகமாக, வெளிச்சமாக, கோபமாக ஓடியது. நான் இத்தனை மாதமும் ஒரு மனிதனை அவனுடைய நடையில் பார்க்கவில்லை. சரி, வேகத்தின் கணக்கு எனக்குத் தெரிந்ததுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடு இடத்துக்குக் காத்திருந்தேன்.

எல்லாம் நின்றது. அதற்கு அடியில் ஒன்றுமில்லை.

சத்தத்தைக் கூட்டினேன். கசெட்டின் மெல்லிய இரைச்சல் மட்டும். இன்னும் கூட்டினேன். பக்கத்து அறையில் யாரோ சுவரில் தட்டினார்கள், அப்போதுதான் அடுத்த தகரம் விழுந்திருந்தது. திரும்பச் சுற்றிப் போட்டேன். திரும்பவும் ஒன்றுமில்லை. சோதனைச் சாவடியில் ஏதோ செய்து அழித்துவிட்டார்கள். படகில் நனைந்துவிட்டது. என்னவோ நடந்துவிட்டது.

முதல் பக்கத்தைப் போட்டேன். அவர் குரல் தனியாக, வெறுங்காலோடு நின்றது.

ஜூன் 5

பின்னேரம் அவர் ஜேர்மனியிலிருந்து கோல் எடுத்தார். முறையாகப் பேசுவது இது மூன்றாம் தடவை. லொட்ஜ் ஹோலில்தான் போன் இருக்கிறது. தங்கள் கோலுக்காகக் காத்திருக்கும் எல்லோரும் மற்றவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"இரண்டாம் பக்கத்தில நடு இடம் அழிஞ்சுபோச்சு," என்றேன்.

"எந்த நடு இடம்?"

"எல்லாம் நிண்டு, அந்த முனகல் வருமே."

"அங்க முனகல் இல்லையே," என்றார். "ஒண்டுமில்லாத இடம் அது. வேணுமெண்டுதான் விட்டனான். இங்க கேக்கிற ஆக்கள் அந்த இடத்தில முடிஞ்சுதெண்டு நினைச்சு எழும்பிப் போவினம்."

"இல்லை, இருக்கு. நான் எத்தினை மாசமாக் கேக்கிறன்!"

அவர் சிரிக்கவில்லை. "எப்பிடி இருக்கும்? செய்து காட்டுங்கோ," என்றார்.

ஹோலில் அத்தனை பேர். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ம்ம்ம் என்று தொடங்கினேன். எழும்பி, தயங்கி, திரும்பப் பிடித்து. எழும்பி, தயங்கி. மூன்றாவது தடவை அந்தத் தயக்கம் வந்தபோது என் இடது முழங்கால் தானாக மடங்கியது. எனக்கு விளங்கிவிட்டது.

"என்ன? ஏன் நிப்பாட்டிப்போட்டீங்கள்?"

"அது அப்பா," என்றேன்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், டைனமோ றேடியோவுக்குள் முனகும். பாட்டுக் கேட்கும்போது எங்கள் காது அதைத் தானாகத் தள்ளிவிடும். சோற்றில் கல்லை ஒதுக்குவதுபோல, யோசிக்காமலே. இந்தக் கசெட்டில் எது கல், எது சோறு என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒதுக்கவில்லை. அதைத்தான் ஆசையாகச் சாப்பிட்டிருக்கிறேன். கணக்கு டீச்சர்! மாமா மிதித்தபோது தயக்கம் இல்லை. அப்பா காய்ச்சலிலிருந்து எழும்பியபோது கூடியிருந்தது. நான் மிதிக்கிறதுதான் கேக்குது என்று அப்பா தன் வாயாலேயே சொன்னார். அவருடைய காதைக் குறை சொன்னேன்.

இதெல்லாவற்றையும் அழுகைக்கு நடுவில் எந்த ஒழுங்கில் சொன்னேனோ தெரியாது. அவர் முதலில் கேட்டது இதுதான்.

"அப்பாக்கு எந்தக் கால்?"

"இடது. முழங்கால்."

பிறகு, "அந்த இடத்தைக் கேட்டுத்தான் ஓம் எண்டு சொன்னீங்களோ?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். அவர் தன் இரண்டாம் பக்கத்தை எனக்கு ஒளிக்கவில்லை. "ஓம்," என்றேன்.

"அப்ப இனி?"

"தெரியாது."

ஜூன் 6

வீட்டுக்குத் திரும்பப் போகிறேன். மாமி சாமான் வாங்க வருகிறார், அவரோடு போய்விடுவேன்.

ஜூன் 11

கடற்கரையில் இருந்தேன். ரயில் கடலை ஒட்டி ஓடுகிறது. கார்ட் பெட்டியில் ஒருவர் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு நின்றார். அப்பாவும் இப்படித்தான் எத்தனையோ பேரை அனுப்பிவிட்டுக் கடைசிப் பெட்டியில் நின்றிருப்பார். திரும்பிப் போனால் முற்றத்தில் சைக்கிள் நிற்கும். எனக்காக ஏறுவார். அந்தக் கால் போகும்வரை மிதிப்பார். போகாமல் விட்டால் அந்தச் சத்தத்தை இனி ஒருநாளும் கேட்கமாட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு நோகும். எனக்கும்தான்.

ஜூன் 15

மாமி வந்தார். பையை இறக்கி வைக்குமுன் சொல்லிவிட்டேன், உங்களோடு வருகிறேன் என்று. மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"விசர் கதை கதையாதை. அங்க வந்து என்ன செய்யப்போறாய்?"

"அப்பா எப்பிடி?"

"கொப்பரோ? அந்தாளுக்கு என்ன, சைக்கிள் ஓடுறார்."

"எங்க?"

"எங்கயும் இல்லை. ஸ்டாண்டிலதான். கசெட்டை நீ கொண்டு வந்திட்டாய், றேடியோ வெறுமனே கிடக்கு. எண்டாலும் பின்னேரமானால் ஏறிக் குந்தி மிதிக்கிறார். பரியாரியார் வேண்டாமெண்டு சொன்னவர்தானே எண்டு கேட்டன். மிதிச்சால்தானாம் முழங்காலுக்கு நல்லம்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். மாமிக்குக் கதை ருசித்துவிட்டது. "அதைவிடப் பகிடி, இடைக்கிடை 'வேகம் சரியோ' எண்டு கேக்கிறார். ஆரிட்டக் கேக்கிறாரோ! கொம்மா குசினிக்குள்ள இருந்து 'சரி, சரி, மிதியுங்கோ' எண்டு சொல்லுறா. இரண்டும் நல்ல சோடி."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அம்மா அவரை மிதிக்கவேண்டாம் என்று ஒரு நாளாவது சொல்லாமல் விட்டதில்லை. இப்போது அம்மா சரி என்கிறார். என் இடத்தில் அம்மா இருக்கிறார். அந்த வீட்டில் நான் எழும்பி வந்த இடம் வெறுமையாக இல்லை.

மாமி தண்ணீர் தந்தார். "என்ன, வாறியோ, இல்லையோ?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 19

அவர் கோல் எடுத்தார். இடையில் இரண்டு கிழமையாக எடுக்கவில்லை. கோபம் என்று நினைத்திருந்தேன். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. மூச்சு வாங்கினார்.

"நான் நிலவறையில நிக்கிறன்," என்றார். "மேல் வீட்டுக்காரரின்ர போனை வயர் நீட்டி இறக்கியிருக்கு. கனநேரம் கதைக்க ஏலாது. நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம். இதைக் கேளும்."

நீங்கள் போய் நீர் வந்தது இதுதான் முதல் தடவை. போனை எங்கேயோ வைத்தார். சங்கிலி இழுபடும் சத்தம். பிறகு, தூரத்தில், ம்ம்ம் என்று ஒன்று எழும்பியது.

பழைய சைக்கிள் ஒன்று எங்கேயோ எடுத்து, டைனமோ பூட்டி, தன் பெட்டிகளோடு இணைத்திருக்கிறார். ஜேர்மன்காரர் யாரோ பின்னால் எதையோ சொல்லிச் சிரித்தார். அந்த முனகல் நேராக, பிழையேயில்லாமல், நல்ல சாலையில் போகிறவன் மாதிரிப் போயிற்று. சுத்தமாகச் சரியில்லை.

"எப்பிடி?" என்று தூரத்திலிருந்து கத்தினார்.

"நொண்ட வேணும்!" என்று நானும் கத்தினேன். ஹோலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமி வாயில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன?"

"இடது காலில! மேல வரேக்க நோகும், அப்ப கொஞ்சம் நிண்டு, பிறகு மிதிக்க வேணும்!"

முனகல் தடுக்கியது. அறுந்தது. திரும்பத் தொடங்கியது. இந்தத் தடவை எழும்பி, ஓரிடத்தில் முட்டி, விழுந்தது. அது அப்பா இல்லை. நோவு தெரியாத ஒருவர் நோவைக் கற்றுக்கொள்கிற சத்தம். திரும்பவும் எழும்பினார். திரும்பவும். இரண்டு கிழமையாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாராக்கும். போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் கெதியாக முடிக்கச் சொல்லித் தோளில் தட்டினார்.

"வேகம் சரியோ?" என்று அவர் அங்கிருந்து கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மிதிக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது அதுதான் போலும்.

"இன்னும் சரியில்லை," என்றேன். "நிப்பாட்டாமல் மிதியுங்கோ. நான் வந்து சொல்லுறன்."